தெருவுக்குக் கீழே ஒரு வாசல்

அந்த அமெரிக்க நகரத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு மனிதரின் பெயர். வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அந்தக் கடற்கரையில் வாழ்ந்துகொண்டிருந்த மக்களின் தலைவர் அவர். வந்தவர்களுக்கு உதவினார். அவர்களும் பெரிய மரியாதை செய்வதாக நினைத்து அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். செத்தவரின் பெயரைச் சொன்னால் அவருடைய உறக்கம் கலையும் என்பது அவருடைய மக்களின் நம்பிக்கையாம். அதனால் ஊர்ப்பெயரை நினைத்து அவர் சங்கடப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. அதெல்லாம் பிற்பாடு கட்டியது என்பவர்களும் உண்டு. எது உண்மையோ, அந்த வருஷம் நான் அந்தப் பெயரைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏகப்பட்ட தடவை சொல்லிவிட்டேன். இனி என் பங்குக்கு அவரை எழுப்ப வேண்டாம்.

என் வேலை அப்படி. திருப்பதியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்காக, செல்போனில் கேட்கிற மாதிரி உலக நகரங்களின் வரலாற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, நானே வாசித்தும் கொடுப்பேன். லண்டன் முடிந்தது, கெய்ரோ முடிந்தது, அடுத்து இந்த ஊரைக் கொடுத்தார்கள். நம் ஆட்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள், நன்றாகப் போகும் என்றார்கள். நான் ஒப்புக்கொண்ட அதே வாரத்தில் புத்தூரில் நைனா செத்துப்போனார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

செத்த நேரம் சரியில்லை. பஞ்சாங்கம் பார்த்தவர் நட்சத்திரத்தை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, அடைப்பு என்றார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்ட நட்சத்திரத்தில் உயிர் போன வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். விளக்கு ஏற்றக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. பிணத்தைக்கூட வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். பின்சுவரை இடித்து அந்த ஓட்டை வழியாக எடுத்துப்போய், சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்புவதற்குள் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். நான் படித்தவன்தான், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் கொத்தனாரிடம் கலவையைக் கெட்டியாகப் போடச் சொன்னது நான்தான்.

நைனா அந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டார்கள். முதலில் படிகள் போயின. அப்புறம் வீட்டுக்குள் இறங்கிப் போகிற மாதிரி ஆயிற்று. கடைசியில் முன்னறை ஜன்னலின் அடிக்கட்டையும் தெருவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. பக்கவாதம் வந்து படுத்த நைனா, கட்டிலை அந்த ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் போகிற வருகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ளப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் நொண்டிக்கொண்டு போகிற தெரு அது. நடையைப் பார்த்தே முட்டியா கணுக்காலா என்று சொல்லிவிடுவார். கம்பிக்கு இந்தப்பக்கமிருந்து கூப்பிட்டு, காலை ஊன்றாதே என்று புத்தி வேறு சொல்லுவார். தெருவுக்கு அது பழகிப்போயிருந்தது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவைத் திருப்பதிக்கு, என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். காரியமெல்லாம் முடிந்து நகரியிலிருந்து வந்த தம்பியும் திரும்பிப் போன பிறகு, ஒரு சாயங்காலம் அம்மா வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க நைனா வூட்டுக்குள்ளதான் கீறாரு."

உடம்பைத்தானே ஓட்டை வழியாக எடுத்தோம் என்பது அவள் கணக்கு. அவர் எழுந்து பார்ப்பதற்குள் ஓட்டையை அடைத்தாயிற்று, வாசலையும் பூட்டியாயிற்று. ஆறு மாதம் கழித்துக் கதவைத் திறக்கும்போது, தான் கட்டிய வீட்டின் தலைவாசல் வழியாக அவர் மரியாதையாக வெளியே போவார். அதுவரைக்கும் உள்ளே தனியாக இருக்க வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தண்டனை முடிந்து வரப்போகிறவரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. செத்த பிறகும் மனுஷனைப் பூட்டிவைக்க வேண்டுமா என்று கேட்டேன். பூட்டு வாங்கி வந்தவன் நீதானே என்றாள்.

பதிவுக்கு முன்னால் வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பழகுவது என் வழக்கம். அம்மா எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்பாள். அந்த நகரத்தை உண்டாக்கிய முதல் வெள்ளைக்காரர்கள் மழையில் வந்து இறங்கினார்கள். நவம்பர் மாதம், கொட்டுகிற மழை, குளிர். முன்னால் அனுப்பிய ஆள் கட்டிவைத்திருந்த மரவீட்டுக்குக் கூரை இல்லை. கைக்குழந்தைகளோடு கப்பலைவிட்டு இறங்கிய பெண்கள் அதைப் பார்த்ததும் கரையிலேயே நின்று அழுதுவிட்டார்கள். கூரை போடாத வீட்டுக்குப் பெண்டு பிள்ளைகளை எவன் கூட்டிவருவான் என்று அம்மா அந்த ஆளைத் திட்டினாள். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது என்றேன். ஆனால் என்ன, நனைந்தது நனைந்ததுதானே என்றாள்.

அப்புறம் அவர்கள் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் கப்பல் நிற்க ஆழமான இடம் பார்த்து ஊரை மாற்றிக்கொண்டார்கள். ஒருவன் நீராவியில் ஓடுகிற மரம் அறுக்கும் மில் வைத்தான். மலைச்சரிவில் வானம் தெரியாமல் நின்ற மரங்களை வெட்டிச் சாலையிலேயே உருட்டி இறக்கினார்கள். அறுத்துக் குவிந்த மரத்தூளைக் கடலோரச் சேற்றில் கொட்டிக் கொட்டி, அதன்மேல் தெருப் போட்டார்கள். கொஞ்ச வருஷத்திலேயே, அந்தத் தலைவரின் ஆட்கள் ஊருக்குள் குடியிருக்கக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள். அவர் பெயரைத் தாங்கிய ஊர். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று அம்மா சொன்னாள், அதை அப்படியே எழுத்தில் சேர்த்துக்கொண்டேன்.

தாழ்வான அந்த ஊரில் கடல் பொங்கும்போதெல்லாம் கக்கூஸில் போனது திரும்பி மேலே வரும் என்று வாசித்தபோது அம்மா சிரித்துவிட்டாள். நைனா போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், புத்தூரில் மழை பெய்தால் நம் வீட்டுக்குள்ளும் தண்ணீர் இறங்குமே, அவர் எங்கே ஒதுங்குவார் என்று கேட்டாள்.

வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தூர் போனேன். நடுப்பகல், நல்ல வெயில். எங்கள் ஜன்னலோரம் தெருவில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் புதுக்கட்டு. சத்தியவேடு பக்கத்து விவசாயி, ஆட்டோ பிடிக்கப் போன தம்பிக்காகக் காத்திருக்கிறார். நான் பூட்டை இழுத்துப் பார்ப்பதைக் கண்டு, வீட்டுக்காரரா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் சங்கோசமாகச் சிரித்தார்.

"உள்ள பெரியவரு கேட்டாருங்க, எந்த எலும்புன்னு. சொன்னேன். கால ஊனாதேன்னாரு. இவ்ளோ நேரம் அவருதான் பேச்சுத் துணை."

பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். பூட்டில் துரு ஏறியிருந்தது. ஜன்னல் கதவு ஒன்று லேசாகத் திறந்திருந்தது. பூட்டிய அன்று அதை யாராவது சரியாகச் சாத்தினோமா என்று எனக்கு நினைவில்லை. குனிந்து பார்த்தேன். கட்டிலின் ஒரு கால், அதன் கீழே ஒரு துண்டு வெயில், மற்றதெல்லாம் இருட்டு. அந்த ஆளிடம் என்ன சொல்வது? பெரியவருக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவில் ஏறிப்போனார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

யாரோ விவரம் தெரிந்தவன் விளையாடியிருப்பான் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்றும் தீர்மானித்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை. அவள் பயப்படவில்லை. பேச்சுக்கு நடுவில் நைனா இருமினாரா, அந்த ஆள் ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். இருமலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அப்படியானால் கடைசி வரைக்கும் அவரை விடாத இருமல் நின்றுவிட்டது என்று நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் தம்பியின் போன் வந்தது. எங்கள் தெருவுக்குக் கால்வாயோடு சிமெண்ட் ரோடு வருகிறதாம். இந்த முறை ஏற்றுகிற ஏற்றத்தில் வாசல்கதவு பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விடும். எல்லா வீட்டுக்காரர்களும் செய்கிற மாதிரி நாமும் உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்தி, கூரையைப் பிரித்துச் சுவரை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றான். அவன் சொன்னது நியாயம். இல்லாவிட்டால் முதல் மழைக்கே வீடு குளமாகிவிடும். ஆனால் அடைப்பு முடிய இன்னும் நாள் இருந்தது. ரோடு போடுகிறவர்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள். வாசலுக்கு முன்னால் மண்ணைக் கொட்டி இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் அந்த வாரம் எழுதிக்கொண்டிருந்த பகுதி எது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு தச்சுப்பட்டறையில் பசை காய்ச்சிய பானை பற்றிக்கொண்டு அந்த நகரத்தின் கடைத்தெரு மொத்தமும் எரிந்துபோனது. குழாயில் போதுமான தண்ணீர் வரவில்லை. எரிந்தது எரிந்தது, இனிமேல் தெருக்களை ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கிவிடுவோம் என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. கடைக்காரர்களுக்குப் பொறுமை இல்லை, பழைய மட்டத்திலேயே கட்டிடங்களை எழுப்பிவிட்டார்கள். சபையோ தெருவின் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் மண்ணைக் கொட்டித் தெருவை மட்டும் உயர்த்தியது. கடைவாசல்களெல்லாம் பள்ளத்தில், தெரு மேலே. முனைக்கு முனை ஏணி. ஒரு கடையிலிருந்து எதிர்க்கடைக்குப் போக ஏணியில் ஏறி, தெருவைக் கடந்து, இன்னொரு ஏணியில் இறங்க வேண்டும். தவறி விழுந்து செத்தவர்களும் உண்டு. பிறகு பள்ளங்களுக்கு மேலே நடைபாதை போட்டு மூடினார்கள். கீழே வெளிச்சம் போவதற்காக இரும்புச் சட்டத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். காலப்போக்கில் அந்தக் கண்ணாடி கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. கொஞ்ச காலம் கீழே வியாபாரம் நடந்தது. அப்புறம் கொள்ளைநோய்ப் பயம் வந்து, அந்தத் தளத்தையே கைவிட்டு மூடினார்கள். எங்கும் போகாத வாசல்கள் இன்றைக்கும் அங்கே நிற்கின்றன. கீழே நின்று நிமிர்ந்தால், கண்ணாடியின்மேல் நடக்கிறவர்களின் நிழல் மட்டும் தெரியுமாம்.

வாசித்து முடித்து நிமிர்ந்தேன். அம்மாவின் கையில் ஒரு கடலை உரிக்கப்படாமல் இருந்தது.

"மேல மூடிட்டா, கீழ கீறவங்க எப்டிடா வெளிய வருவாங்க?"

கீழே யாரும் குடியிருக்கவில்லையே என்றேன். உயிரோடு இருப்பவர்களைக் கேட்கவில்லை என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. வாசலை மூடிவிட்டால் நைனா அங்கேயே கிடந்து தவிப்பார், அந்தப் பாவம் உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று ஒரே பேச்சு. தம்பிக்குப் போன் போட்டு அழுதாள். அழுகையைப் பார்த்தபிறகு எனக்கு வாதம் பண்ண மனம் வரவில்லை. பேச்சுத் துணைக்கு அலைந்த மனுஷனை மண்ணுக்கடியில் நினைத்துப் பார்க்க என்னாலும் முடியவில்லை.

புத்தூருக்குப் போய் ரோடு வேலை மேஸ்திரியைப் பார்த்தேன். தெலுங்குக்காரர், சிடுசிடுப்பான ஆள். வாசலுக்கு முன்னால் மட்டும் பள்ளம் விடச் சொன்னதும், இப்படி ஆளாளுக்குக் கேட்டால் நான் ரோடு போடுவதா பல்லாங்குழி தோண்டுவதா என்று எகிறினார். வீடு அடைப்பில் இருக்கிறது என்று சொன்னேன். சட்டென்று குரல் இறங்கிவிட்டது. அவர்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படிப் பூட்டிவிட்டு வெளியூரில் இருந்தார்களாம். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், வாசலைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பிப் பள்ளம் விட்டார். இறங்கி ஏற ஒரு மூங்கில் ஏணியையும் சாய்த்துவைத்தார். தெருவில் இருந்தவர்கள் எங்கள் வாசலுக்குக் கிணறு என்று பெயர் வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

திறக்கிற நாள் காலையில் நாங்கள் நான்கு பேர்தான். அம்மா, நான், தம்பி, பஞ்சாங்கம் பார்க்கிறவர். ஏணியில் முதலில் இறங்கிப் பூட்டைத் திறந்தேன். கதவு ஈரத்தில் உப்பியிருந்தது, தோளால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நைனாவின் காலுக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை, நேற்றுத் தேய்த்தது போல அடித்தது. போகிறவருக்கு வழி மறிக்காமல் எல்லோரும் ஒதுங்கி நில்லுங்கள் என்று மேலேயிருந்து பஞ்சாங்கக்காரர் சொன்னார். நானும் தம்பியும் பள்ளத்தில் ஆளுக்கொரு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அம்மா, யாரும் கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெகுநேரம் வரவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது. என்ன பேசினாள் என்று புரியவில்லை. கொஞ்சம் பேசுவாள், நிறுத்துவாள், பதில் கேட்டுக்கொண்ட மாதிரி மறுபடியும் பேசுவாள். தம்பி என்னைப் பார்த்தான். போய்க் கூட்டிவரலாமா என்று கண்ணால் கேட்டான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா வெளியே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"போய்ட்டாரு. மண்ணு கொட்டிக்கோங்க."

அப்போதுதான் தம்பி, தன் தோளை உரசிக்கொண்டு ஏதோ ஒரு காற்றுப் போனது என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை என்றேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கருக்கலிலேயே ஆரம்பித்த சடங்கு நல்லபடியாக முடிந்தது என்று பஞ்சாங்கக்காரரும் கிளம்பினார்.

அன்றைக்கே டிராக்டரில் செம்மண் வந்து இறங்கியது. நைனாவின் கட்டிலை வெளியே எடுத்துப்போட தம்பி போனபோது, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஜன்னலையும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாள். மண் கொட்டுகிறவர்கள் சாப்பிடப் போன நேரம் தவிர அவள் அங்கிருந்து நகரவில்லை. கட்டில் இருந்த மூலையில் தண்ணீர் விட்டு நன்றாக இடிக்கச் சொல்லி, சந்து விடாமல் இடிக்கிறார்களா என்று நின்று பார்த்தாள். வீட்டு வேலையில் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று தம்பி ஆச்சரியப்பட்டான். நான் திருப்பதிக்குத் திரும்பி, மிச்சமிருந்த பகுதிகளை வாசித்துக் கொடுத்துவிட்டு அந்த நகரத்தை முடித்தேன்.

சுவர் ஏறியது, தளம் போட்டாயிற்று, வழவழவென்று புதுத்தரை. வாசல் இப்போது தெருவைவிட ஒரு படி உயரம். பால் காய்ச்சின அன்றே அம்மா, இனி இங்கேதான் இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தனியாக எப்படி இருப்பாய் என்று கெஞ்சிப் பார்த்தோம், கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. அம்மா முன்னறையில், கட்டில் புதைந்த மூலைக்கு மேலே பாய்கூட விரிக்காமல் குப்புறப் படுத்திருந்தாள். மயக்கமோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். மயக்கம் இல்லை. கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் தரையிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவசரப்படாமல் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டாள்.

யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. பயமாக இருந்தது. போய்விட்டார் என்று நீதானே சொன்னாய் என்றேன்.

"கதவு தெறந்ததும் எழுந்து நின்னுக்கினாருடா. கெளம்பறேன்னாரு. கொஞ்சம் இருங்க, புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துட்றேன்னு சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன். இன்னும் எனக்காக இருந்துக்கினுதான் கீறாரு."

அடுப்பில் சோறு இருக்கிறது, போட்டுக்கொண்டு தின்னு என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அந்த அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.